உரிஞ்சு வருதா? கொஞ்சம் பொறுங்க!

போன இதழ்ல "வீட்டுல கிடக்குற பாட்டில், டப்பா, தொட்டி, ஸ்டூல்னு எதுக்காச்சும் கலர் அடிச்சீங்களா, எங்க சொதப்புச்சுன்னு எழுதுங்க"ன்னு ஒரு வரி போட்டேன், அவ்ளோதான், கேள்வி குவிஞ்சிடுச்சு. அழகா வந்ததை சொல்ல ஒருத்தரும் எழுதல, எல்லாமே சொதப்பல் கதைதான், எனக்கும் அதுதான் வேணும். ஒண்ணு கவனிச்சேன். டிசைன் சரியா வரலைன்னு எழுதினவங்க ரொம்ப கம்மி. மத்த எல்லாருக்கும் உரிஞ்சு வருது, சுருங்குது, ஒட்டிக்குது, வெள்ளையா பூக்குது. அதாவது கை நல்லாத்தான் இருக்கு, பிரஷ்ஷை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரமும் கீழ வச்ச பிறகு ஒரு சில வாரமும்தான் எல்லாருக்கும் இடிக்குது. பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால அவங்கவங்க வச்சுக்கிட்ட புனைபெயரையே போட்டிருக்கேன்.

அக்கா, காலி கண்ணாடி பாட்டிலுக்கு அக்ரிலிக் பெயிண்ட் அடிச்சு பூ வரைஞ்சேன், செமயா வந்துச்சு. மறுநாள் தண்ணி ஊத்தி ஒரு கொடி வச்சேன். வெளிய சிந்தின தண்ணிய துணியால துடைச்சேன் பாருங்க, பூவோட சேர்ந்து மொத்த பெயிண்டும் தோல் மாதிரி கையோட வந்துடுச்சு. மட்டமான பெயிண்டா அக்கா?
– பாட்டில் பைத்தியம்

பெயிண்ட் மேல பழி போடாதீங்க, நானும் இதே தப்பை பண்ணினவதான். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு தோழிக்கு பிறந்தநாளுக்குன்னு ராத்திரி முழிச்சு ஒரு பாட்டிலுக்கு நீல கலர் அடிச்சு மேல வெள்ளி கலர்ல மீன் வரைஞ்சு மறுநாள் காலைலயே கொண்டு போய் குடுத்தேன், அவ ஆசையா கழுவி வைக்கப் போனா, பாம்பு சட்டை உரிச்ச மாதிரி நீலம் தனியா பாட்டில் தனியா. அவ சிரிச்சா, எனக்குத்தான் அழுகை.

நடக்கறது என்னன்னா, அக்ரிலிக் பெயிண்ட்ங்கறது கலர்ப்பொடியும் பொடிப்பொடியான பிளாஸ்டிக் துகளும் தண்ணில மிதக்குற ஒரு கலவை. தண்ணி ஆவியாகிப் போகப் போக அந்த துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி ஒட்டி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஏடா மாறுது. மரம், சுவர், பேப்பர் இதுலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை நிறைய இருக்கறதால அந்த ஏடு அதுக்குள்ள காலை ஊன்றிக்கும். கண்ணாடில ஊன்ற இடமே இல்ல, சும்மா மேல படுத்திருக்கும். அதுலயும் உங்க கைரேகை எண்ணெய் பட்ட இடத்துல படுக்கக்கூட மாட்டேங்கும்.

அடுத்த பாட்டிலை இப்படி பண்ணிப் பாருங்க. லேபிளை வெந்நீர்ல ஊற வச்சு எடுத்துட்டு, மிச்சம் பிசுபிசுன்னு நிக்கற பசை மேல சமையல் எண்ணெய் கொஞ்சம் தேய்ச்சு பத்து நிமிஷம் விட்டீங்கன்னா நகத்தால தள்ளினாலே உருண்டு வந்துடும். அந்த எண்ணெய் போக சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவி, காய்ஞ்ச பிறகு பஞ்சுல ஸ்பிரிட் (ஆல்கஹால்) தொட்டு முழுசும் ஒரு துடை. இதுக்கப்புறம் பாட்டில் உடம்பை வெறும் கையால தொடவே கூடாது, வாய்க்குள்ள ஒரு குச்சியை விட்டு அதை பிடிச்சுக்கோங்க. முதல் கோட், அதாவது முதல் பூச்சு, அடிக்கறப்போ பிரஷ்ல இழுக்காம, பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்ச்ல ஒரு சின்ன துண்டு வெட்டி ஒத்தி ஒத்தி வைங்க. முதல் கோட் பாக்க கண்றாவியா திட்டு திட்டா இருக்கும், பயந்துபோய் அதும்மேலயே திரும்ப ஒத்தினீங்கன்னா கீழ இருக்கறதும் பேந்துகிட்டு வரும், பேசாம அந்த பக்கம் போயிடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது, தேவைன்னா மூணாவது.

இப்போ முக்கியமான விஷயம். தொட்டா கையில ஒட்டலைங்கறது காய்ஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. தொட்டுப் பாக்கற அளவுக்கு காய அரை மணி நேரம் போதும், உள்ளுக்குள்ள முழுசா இறுகறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். நீங்க மறுநாளே தண்ணி காட்டிட்டீங்க, அதான். தண்ணில புழங்கற பாட்டில்னா சாதா அக்ரிலிக் வேணாம், கண்ணாடிக்குன்னே வர்ற எனாமல் வகை அக்ரிலிக் வாங்குங்க. அதுல நிறைய வகையை 21 நாள் சும்மா காத்துல விடலாம், இல்லைன்னா ஓவன்ல வச்சு சூடாக்கலாம், பொதுவா 175 டிகிரி செல்சியஸ் வாக்குல அரை மணி நேரம். ஆனா உங்க பெயிண்ட் டப்பால என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. ஓவன் குளிர்ச்சியா இருக்கறப்பவே உள்ள வைக்கணும், சூடாக்கி முடிச்ச பிறகு அது தானா ஆறினப்புறம்தான் வெளிய எடுக்கணும், இல்லைன்னா பாட்டில் விரிசல் விடும்.

எனக்கும் அதே கதைதான், ஆனா பிளாஸ்டிக் டப்பா. சுரண்டவே வேணாம், ஊதினாலே போகுது.
– டப்பா ராணி

டப்பாவை கவுத்துப் போட்டு அடிப்பக்கம் பாருங்க, ஒரு முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும். 2, 4, 5 இதுல எதாவது இருந்தா விட்டுடுங்கன்னுதான் சொல்வேன். 2ம் 4ம் பாலிஎத்திலீன், 5 பாலிப்ரொப்பிலீன், ரெண்டு குடும்பமும் யாரையும் கிட்ட சேர்க்காது, பெயிண்ட் மட்டும் இல்ல பசையும் நிக்காது. தண்ணி ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, பரவாம முத்து மாதிரி உருண்டு நிக்குதுன்னா பெயிண்டும் அப்படித்தான் நிக்கும். கண்டிப்பா அடிச்சே ஆகணும்னா 320 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சு, பிளாஸ்டிக்குக்குன்னு தனியா விக்கிற பிரைமரை (பெயிண்ட் பிடிக்கறதுக்காக அடியில அடிக்கறது) ஒரு கோட் குடுத்துட்டு அப்புறம் அடிங்க, அப்பவும் அடிக்கடி கை படுற மூடிப் பக்கம் உரியத்தான் செய்யும். அதை விட சுலபம், டப்பாவுக்கு துணியை சுத்தி ஓரத்தை மடிச்சு தையல் போட்டு ஒரு உறை மாதிரி பண்ணி, அந்த துணி மேல ஸ்டென்சில் (டிசைன் வெட்டின அட்டை) வச்சு ஃபேப்ரிக் பெயிண்ட் அடிச்சுக்கோங்க. அழுக்கானா உருவி துவைச்சுக்கலாம், டப்பாவுக்கும் வலிக்காது உங்களுக்கும் வலிக்காது.

எனக்கு ஒரு கோடு கூட நேரா இழுக்க வராது மேடம். ஸ்கூல்ல டிராயிங் டீச்சர் என் நோட்டை பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம திருப்பி குடுத்தாங்க. நான்லாம் இதுக்கு லாயக்கா?
– கோணக் கோடு

கோடே வேணாம், புள்ளி வைங்க. நிஜமாத்தான் சொல்றேன், நான் புதுசா வர்றவங்களுக்கு முதல்ல குடுக்கறதே ஒரு பழைய தகர மூடியும் நாலு சாமானும்தான்: காது குடையற பட்ஸ், பிரஷ்ஷோட பின்பக்கக் கட்டை, பல் குத்தற குச்சி, குண்டூசித் தலை. மூடிக்கு முதல்ல ஒரே கலர் அடிச்சு நல்லா காய விடுங்க, கருப்போ கரும்பச்சையோ இருந்தா புள்ளி எடுப்பா தெரியும். நடு சென்டர்ல பென்சிலால ஒரு பொட்டு. அதுக்கு மேல பட்ஸால ஒரு பெரிய புள்ளி. அதை சுத்தி பிரஷ் கட்டையால எட்டு புள்ளி, ஆனா வரிசையா சுத்திக்கிட்டே போகக்கூடாது, கடைசில இடிக்கும். கடிகாரத்துல 12, 6, 3, 9 இருக்கற இடத்துல நாலு வச்சுட்டு, அப்புறம் நடுநடுவுல நாலு வைங்க, தானா சமமா உக்காரும். அடுத்த வட்டத்துக்கு அந்த எட்டுக்கும் இடைப்பட்ட சந்துல எட்டு, இப்படியே வெளிய போங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரு தடவை பெயிண்ட்ல தொட்டு வரிசையா அஞ்சு புள்ளி வச்சா ஒண்ணை விட ஒண்ணு சின்னதாகிக்கிட்டே போகும், அது மயில் தோகை மாதிரி வளைவுக்கு நல்லா இருக்கும். எல்லாம் ஒரே அளவுல வேணும்னா ஒவ்வொரு புள்ளிக்கும் புதுசா தொடணும். நேரா மேல இருந்து இறக்கி நேரா மேல தூக்குங்க, சாய்ச்சு எடுத்தா வால் முளைச்சிடும். பெயிண்ட் கெட்டியா இருந்து ஊசி மாதிரி நுனி நிக்குதுன்னா ரெண்டு சொட்டு தண்ணி விட்டு கலக்குங்க. தப்பா ஒரு புள்ளி விழுந்துடுச்சா, உடனே துடைக்காதீங்க, தேய்ஞ்சு பரவிடும். காயட்டும், அப்புறம் அடிக்கலரை ஒரு துளி வச்சு மூடிட்டு திரும்ப வைங்க.

நேர்கோடு மேல ஆசை விடலைன்னா மாஸ்கிங் டேப் இருக்கே. டேப் ஒட்டினதும் ஓரத்தை நகத்தால நல்லா அழுத்தி, புது கலர் அடிக்கறதுக்கு முன்னாடி அடியில இருக்கற அதே கலரை டேப் ஓரத்துல ஒரு தடவை தடவிடுங்க, கசியறது எல்லாம் அந்த கலராவே கசிஞ்சு சந்தை அடைச்சுக்கும், அதும்மேல புது கலர். முழுசா காயறதுக்குள்ள டேப்பை சாய்வா மெதுவா இழுங்க. நல்லா காய்ஞ்சப்புறம் உரிச்சா டேப்போட பெயிண்டும் பிஞ்சுகிட்டு வரும். ஸ்டென்சில் கசியுதுன்னு கேட்ட இன்னும் மூணு பேருக்கும் இதே இடத்துல சொல்லிடறேன், உங்க பிரஷ்ல பெயிண்ட் ஜாஸ்தி. தொட்டதும் ஒரு பழைய துணில நல்லா குத்திட்டு, அட இதுல ஒண்ணுமே இல்லையேன்னு தோணும் பாருங்க, அப்போ ஸ்டென்சில் மேல குத்துங்க.

களிமண் தொட்டிக்கு அழகா வெளிய பூரா கலர் அடிச்சு வார்னிஷும் குடுத்தேன். ரெண்டு மாசத்துல அங்கங்க கொப்புளம், கொப்புளத்தை கிள்ளினா உள்ள வெள்ளையா பவுடர். பூஞ்சையா இது?
– தொட்டி தாத்தா

பூஞ்சை இல்லைங்க ஐயா, உப்பு. சுட்ட மண் தொட்டி ஒரு ஸ்பாஞ்ச் மாதிரிதான், நீங்க செடிக்கு ஊத்தற தண்ணி உள்பக்கச் சுவர் வழியா ஊறி வெளிப்பக்கம் வந்து ஆவியாகும். வர்றப்போ மண்ணுலயும் உரத்துலயும் தண்ணிலயும் இருக்கற உப்பை கரைச்சு தூக்கிட்டு வந்து, தான் மட்டும் பறந்து போயிட்டு உப்பை அங்கயே விட்டுட்டு போயிடும். பெயிண்ட் அடிக்காத தொட்டில பாத்திருப்பீங்களே, வெளிய வெள்ளை வெள்ளையா கோடு. உங்க தொட்டில நீங்க வெளிய பெயிண்டும் வார்னிஷும் போட்டு கதவை சாத்திட்டீங்க. உள்ள இருந்து தண்ணி வந்து முட்டுது, முட்டின இடம்தான் கொப்புளம்.

கதவை உள்பக்கம் சாத்தணும், அதான் விஷயம். காலி தொட்டியா இருக்கறப்பவே உள்சுவர் முழுசுக்கும் தண்ணி புகாத சீலர் ரெண்டு கோட் குடுத்து நல்லா காய விட்டுட்டு அப்புறம் வெளிய விளையாடுங்க. அடியில இருக்கற ஓட்டையை மட்டும் அடைச்சுடாதீங்க. ஒண்ணு மறக்கக்கூடாது, உள்ள சீல் பண்ணின தொட்டில ஈரம் சீக்கிரம் காயாது, அதனால முன்ன ஊத்தின அளவுக்கு தண்ணி ஊத்தினா வேர் அழுகும். இந்த வம்பே வேணாம்னா செடியை ஒரு பிளாஸ்டிக் தொட்டில வச்சு அதை தூக்கி உங்க கலர் தொட்டிக்குள்ள இறக்கிடுங்க, எங்க வீட்டுல நான் அப்படித்தான் வச்சிருக்கேன், செடி செத்தாலும் மாத்தறது சுலபம் (நிறைய சாகும், அது வேற கதை).

இப்போ கையில இருக்கற தொட்டிக்கு, தளர்ந்த பெயிண்டை எல்லாம் சுரண்டி எடுத்துட்டு தண்ணி கலந்த வினிகர் தொட்டு பழைய டூத் பிரஷால உப்பை தேய்ச்சு கழுவுங்க. கழுவினப்புறம் வெயில்ல ரெண்டு மூணு நாள் விடணும், மேல காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள ஈரம் இருக்கும். தொட்டு பாத்தா ஜில்லுனு இருந்தா இன்னும் காயலை.

ரிடையர் ஆகி வீட்டுல இருக்கேன். டிஷ்யூ நாப்கின்ல இருக்கற பூ படத்தை வெட்டி ட்ரேல ஒட்டறது ஆசை. ஆனா ஒவ்வொரு தடவையும் சுருக்கம், இல்லைன்னா கிழியுது. வீட்டுல "இந்த வயசுல கத்தரிக்கோலும் கையுமா"ன்னு கிண்டல் வேற.
– கத்தரிக்கோல்

கிண்டல் பண்றவங்களுக்கு முதல்ல ஒரு கதை சொல்லுங்க சார். இங்கிலாந்துல மேரி டிலேனின்னு ஒரு அம்மா, 1700ல பிறந்தவங்க. எழுபது தாண்டி, 72 வயசு வாக்குலதான் கலர் பேப்பரை இத்துனூண்டு இத்துனூண்டா வெட்டி ஒட்டி பூக்களை உருவாக்க ஆரம்பிச்சாங்க. பத்து வருஷத்துல ஆயிரத்துக்கு கொஞ்சம் குறைவா பூ பண்ணினாங்க, கண் பார்வை மங்கினப்புறம்தான் நிறுத்தினாங்க. அதெல்லாம் இன்னைக்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. நீங்க பண்ற டெகோபாஜ் அதுக்கு தூரத்து சொந்தம். வெட்டறதுங்கற பிரெஞ்சு வார்த்தைல இருந்து வந்த பேரு. 18ம் நூற்றாண்டுல வெனிஸ்ல, கிழக்கு நாட்டுல இருந்து வர்ற அரக்கு வேலைப்பாட்டு சாமானுக்கு ஏக கிராக்கி, வாங்க முடியாதவங்களுக்காக படத்தை வெட்டி ஒட்டி மேல வார்னிஷா அடிச்சு அதே மாதிரி பண்ணினாங்க, ஏழைங்களோட அரக்குன்னே அதுக்கு பேரு. பழைய முறைல பேப்பர் ஓரம் விரலுக்கு தட்டுப்படாத வரைக்கும் 30, 40 கோட் கூட அடிப்பாங்களாம். நமக்கு அவ்ளோ பொறுமை வேணாம், மூணு நாலு போதும்.

இனி சுருக்கம். பேப்பர் ஈரம் பட்டதும் விரியும், அதான் காரணம். நீங்க ஒட்டினப்புறம் அது விரியுது, விரிய இடம் இல்லாம மடியுது. கெட்டி பேப்பர்னா ஒட்டறதுக்கு முன்னாடியே ஒரு நிமிஷம் தண்ணில நனைச்சு துணில ஒத்தி எடுத்துட்டு ஒட்டுங்க, விரியறது முதல்லயே விரிஞ்சிடும். நடுவுல இருந்து ஓரத்துக்கு விரலால தள்ளிக்கிட்டே போங்க.

நாப்கினுக்கு இந்த வித்தை செல்லாது, நனைச்சா கையில கூழுதான் மிஞ்சும். நாப்கின்ல பொதுவா ரெண்டு மூணு ஏடு இருக்கும், படம் அச்சடிச்ச மேல் ஏடு மட்டும்தான் வேணும். பின்பக்கம் ஒரு மூலைல ஒட்டுற டேப் துண்டு ஒண்ணை லேசா ஒட்டி இழுத்தா வெள்ளை ஏடு தனியா பிரிஞ்சு வரும். ஒண்ணுதான் வந்துச்சா, இன்னொண்ணு இருக்கான்னு திரும்பவும் பாருங்க, நிறைய பேர் நடு ஏட்டை மறந்துட்டுதான் கொப்புளம் வருதுன்னு புலம்பறாங்க. பசை மேல நேரா ஒட்டாம இப்படி பண்ணுங்க: ட்ரேக்கு வெள்ளை அடிச்சு காய விடுங்க, நாப்கின் பசை பட்டா கண்ணாடி மாதிரி ஆகிடும், அடியில என்ன கலர் இருக்கோ அதுதான் தெரியும், அதுக்குத்தான் வெள்ளை. அதும்மேல வெள்ளை பசையை, மரத்துக்கு ஒட்டுறது இருக்கே அதேதான், மூணு பங்குக்கு ஒரு பங்கு தண்ணி கலந்து ஒரு கோட் அடிச்சு அதையும் முழுசா காய விடுங்க. ஆமா, காய விடணும். காய்ஞ்ச பசை மேல நாப்கினை விரிச்சு வச்சு, அதுக்கு மேல ஒரு பேக்கிங் பேப்பர் (கேக் பண்றப்போ அடியில போடற ஒட்டாத தாள்) போட்டு, ஆவி வராம அயர்ன் பாக்ஸை மிதமான சூட்டுல வச்சு அழுத்தி அழுத்தி எடுங்க. சூடு பட்டதும் பசை இளகி நாப்கினை பிடிச்சுக்கும், ஈரமே இல்லாததால சுருங்க வழியே இல்ல. முதல் தடவை பண்ணி பேப்பரை தூக்கிப் பாக்கறப்போ பெயிண்ட் பண்ணின மாதிரியே படிஞ்சிருக்கும் சார், எனக்கு இப்பவும் அந்த நிமிஷம் பிடிக்கும். ஆறினப்புறம் மேல பசையோ வார்னிஷோ ஒத்தி ஒத்தி ஒரு கோட், பிரஷ்ஷை இழுக்க வேணாம்.

பிரிண்டர்ல எடுத்த படத்தை ஒட்டறதா இருந்தா ஒரு எச்சரிக்கை, இன்க்ஜெட் பிரிண்ட்னா பசைல இருக்கற தண்ணி பட்டதும் மை கலங்கி ஓடும். லேசர் பிரிண்ட் எடுத்துக்கோங்க.

குளூ கன் வச்சு கண்ணாடி ஜாடில சங்கு, மணி எல்லாம் ஒட்டினேன். ஒவ்வொண்ணா டொக்கு டொக்குனு விழுது.
– மணி மாலை

குளூ கன்ல இருந்து பசை உருகி சூடா வருது, கண்ணாடி அந்த சூட்டை சட்டுனு இழுத்துக்கும், அதனால பசை பிடிக்கறதுக்கு முன்னாடியே இறுகிடும். வழவழன்னு இருக்கற இடத்துக்கு ரெண்டு ட்யூப் கலந்து ஒட்டற எபாக்ஸிதான். குளூ கன் கயிறு, துணி, அட்டைக்கு.

பழைய தகர டின்னை பேனா ஸ்டாண்ட் ஆக்கினேன், பெயிண்டுக்கு அடியில இருந்து துரு கிளம்பி பழுப்பா வெளிய வருது. இன்னொரு சந்தேகம், துத்தநாகம் பூசின வாளிக்கு ஆயில் எனாமல் அடிச்சேன், அது ஏன் ஏடு ஏடா வருது?
– தகர டப்பா

தண்ணி சேர்ந்த பெயிண்டை வெறும் இரும்பு மேல நேரா அடிச்சா அந்த தண்ணியே துருவை கிளப்பி விடும். துரு இருக்கற இடத்தை உப்புத்தாள்ல பளிச்சுனு ஆகற வரைக்கும் தேய்ச்சு, ஸ்பிரிட்ல துடைச்சு, மெட்டல் பிரைமர் ஒரு கோட் குடுத்துட்டு அப்புறம் எந்த பெயிண்ட் வேணா அடிங்க. டின் வாய் ஓரமும் உள்பக்கம் இருக்கற தையல் மடிப்பும் எல்லாரும் விடற இடம், துரு அங்க இருந்துதான் ஆரம்பிக்கும்.

வாளி விஷயம் நேர் எதிர். அதுல துரு பிரச்சனை இல்ல, துத்தநாகம்தான் பிரச்சனை. ஆயில் பெயிண்ட்ல இருக்கற எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து அடியில சோப்பு மாதிரி ஒரு வழுக்கல் ஏடு உருவாகும், சோப்பு மேல பெயிண்ட் எப்படி நிக்கும்? முழுசா உரிச்சு எடுத்துட்டு, துத்தநாகப் பூச்சுக்கு ஏத்ததுன்னு எழுதியிருக்கற அக்ரிலிக் பிரைமர் வாங்குங்க.

பழைய மர ஸ்டூலுக்கு வெள்ளை அடிச்சேன். மூணு கோட் அடிச்சும் மஞ்சளா கறை கறையா மேல வருது. அப்புறம் பளபளப்புக்கு பாலியூரித்தேன் வார்னிஷ் அடிச்சேன், இப்போ மொத்தமே மஞ்சளா போச்சு!
– வெள்ளை ஸ்டூல்

ரெண்டும் வேற வேற மஞ்சள். கறை கறையா வர்றது மரத்தோட கணுல இருக்கற பிசினும் மரச்சாறும், அது தண்ணி பெயிண்ட்ல கரைஞ்சு எத்தனை கோட் அடிச்சாலும் மேல ஏறி வந்துகிட்டே இருக்கும். அரக்குல பண்ற ஷெல்லாக் பிரைமர் ஒரு கோட் அடிச்சாதான் அடங்கும். மொத்தமா மஞ்சளானதுக்கு காரணம் ஆயில் வகை பாலியூரித்தேன், அதோட குணமே அது, நாள் ஆக ஆக இன்னும் மஞ்சளாகும். வெள்ளைக்கு மேல எப்பவும் தண்ணி வகை வார்னிஷ்தான் போடணும். இப்போ என்ன பண்றதுன்னா லேசா உப்புத்தாள் போட்டு, ஷெல்லாக் பிரைமர் அடிச்சு, திரும்பவும் வெள்ளை. வேற வழி இல்ல, திட்டாதீங்க.

தேய்க்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும். ஸ்டூல் ரொம்ப ரொம்ப பழசு, தாத்தா காலத்து பெயிண்ட் மேல இருக்குன்னா வறட்டு உப்புத்தாள் போடாதீங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அந்த தூசி குழந்தைங்க வயித்துக்குள்ள போகக்கூடாது.

மேடம், என் பையனுக்கு பீங்கான் கப்ல அவன் பேரை எழுதிக் குடுக்கணும். பெயிண்ட் டப்பால "நான்-டாக்ஸிக்", அதாவது விஷம் இல்லைன்னு போட்டிருக்கு, பால் குடிக்க குடுக்கலாமா?
– புது அப்பா

அந்த வார்த்தை வேற, சாப்பாடு படலாம்ங்கறது வேற தம்பி. கப்போட வெளிப்பக்கம் மட்டும், வாய் படற விளிம்புல இருந்து ரெண்டு சென்டிமீட்டர் கீழ தள்ளி எழுதுங்க. உள்பக்கம் ஒரு புள்ளி கூட வேணாம். தட்டா இருந்தா அதை சுவர்ல மாட்டறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க. அப்புறம் பேர் எழுதறப்போ ரொம்ப பொடியா எழுதாதீங்க, கழுவக் கழுவ முதல்ல மறையறது மெல்லிய கோடுதான்.

பெயிண்ட் அடிச்ச ரெண்டு டப்பாவை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்சேன். ஒரு மாசம் கழிச்சு பிரிச்சா இது பெயிண்ட் அதுல, அது பெயிண்ட் இதுல!
– அடுக்கு டப்பா

அக்ரிலிக் காய்ஞ்சாலும் பிளாஸ்டிக்தானே, கொஞ்சம் சூடும் கொஞ்சம் பாரமும் கிடைச்சா ரெண்டு ஏடும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப் பிடிச்சுக்கும். அடிச்சு ஒரு மாசம் வரைக்கும் அடுக்காதீங்க, அதுக்கு மேலயும் மேல ஒரு கோட் இறுக்கமான வார்னிஷ் குடுத்துட்டு நடுவுல ஒரு துணித் துண்டு போட்டு அடுக்குங்க. அடிக்கறப்போ வார்னிஷ் டப்பாவை குலுக்காதீங்க, குமிழி வரும், ஒரு குச்சியால மெதுவா கலக்கணும். மேட் வார்னிஷ்ல பளபளப்பை குறைக்கற பொடி அடியில தங்கியிருக்கும், அதை கலக்காம அடிச்சாலும் கெட்டியா அப்பினாலும் வெள்ளை வெள்ளையா படலம் வரும், இதை கேட்டு மட்டும் தனியா ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க. மழை பெய்யற நாள்ல வார்னிஷ் வேலை வச்சுக்காதீங்க.

பழைய சாமான்ல பெயிண்ட் வெடிச்ச மாதிரி இருக்கும்ல, அந்த எஃபெக்ட் வேணும். அதுக்குன்னு விக்கிற தனி மீடியம் (பெயிண்டோட சேர்த்து அடிக்கற திரவம்) வாங்காம முடியுமா?
– வெடிப்பு ரசிகை

முடியும், எனக்கு ரொம்ப பிடிச்ச விளையாட்டு இது. அடியில ஒரு கலர் அடிச்சு காய விடுங்க, அதுதான் வெடிப்புக்குள்ள தெரியப் போறது. அதும்மேல வெள்ளை பசையை தண்ணி கலக்காம ஒரு கோட். பசை முழுசா காயறதுக்குள்ள, விரலை வச்சா ஒட்டிகிட்டு கிளம்புது பாருங்க, அந்த பதத்துல மேல் கலரை ஒரே இழுப்பா ஒரே பக்கமா இழுங்க. திரும்ப அதே இடத்துல பிரஷ் போட்டீங்கன்னா போச்சு, குழம்பு மாதிரி ஆகிடும். மேல் பெயிண்ட் சீக்கிரம் காய்ஞ்சு சுருங்கும், அடியில பசை இன்னும் வழுக்கிக்கிட்டு இருக்கும், அதனால மேல இருக்கறது பிளந்துக்கும். பசை கெட்டியா இருந்தா பெரிய பெரிய வெடிப்பு, மெல்லிசா இருந்தா பொடி வெடிப்பு. பக்கத்துலயே உக்காந்து பாருங்க, கொஞ்ச நேரத்துல கண் முன்னாடியே பிளக்க ஆரம்பிக்கும். இந்த ஒரு விஷயத்துல மட்டும் அவசரம் நல்லது, மத்ததெல்லாம் அவசரக் கோலம் அள்ளித் தெளிச்ச கதைதான். பசை தண்ணில கரையற சமாச்சாரம், அதனால நல்லா காய்ஞ்சப்புறம் வார்னிஷ் கட்டாயம், அதையும் ஆயில் வகையா அடிச்சா பழசு மாதிரி மஞ்சளும் இலவசமா கிடைக்கும். ஸ்டூல்காரங்க கவனிக்க.

ஜாடிக்கு உள்பக்கம் கலர் பேப்பர் ஒட்டி அதுக்குள்ள மெழுகுவர்த்தி ஏத்தலாமா?
– வெளிச்சம்

கூடாது, பேப்பரும் பசையும் பெயிண்டும் எல்லாமே எரியற சாமான். பேட்டரில எரியற குட்டி விளக்கு போடுங்க.

பிரஷ் கல்லு மாதிரி ஆகிடுச்சு, தூக்கிப் போடலாமா அக்கா?
– ஒரே ஒரு பிரஷ்

தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஸ்பிரிட்ல முடி மட்டும் முங்கற மாதிரி ஒரு மணி நேரம் தொங்க விட்டுப் பாருங்க, நிக்க வைக்க வேணாம், முடி வளைஞ்சிடும். அப்புறம் பழைய சீப்பால வேர்ல இருந்து நுனிக்கு சீவி, சோப்பு போட்டு கழுவி, விரலால நுனியை கூராக்கி படுக்க வச்சு காய விடுங்க. முக்காவாசி உயிர் வந்துடும். அப்படியும் விறைப்பா முள்ளு மாதிரி நிக்குதுன்னா விட்டுடுங்க, புல்லு, மரப்பட்டை இதெல்லாம் வரையறதுக்கு அந்த மாதிரி சீரழிஞ்ச பிரஷ்தான் வேணும், நான் அதுக்குன்னே ஒண்ணை ஒளிச்சு வச்சிருக்கேன், யாரும் கழுவிடக்கூடாதுன்னு.